ஊசிக்கு ஒரு விதி

தைக்கத் தெரிந்த பிறகுதான் அந்தச் சிக்கல் வரும்: என்ன தைப்பது? சங்கிலித் தையல், காம்புத் தையல், முடிச்சுத் தையல் எல்லாம் கைக்கு வந்துவிட்டன. ஒட்டுத்துணிகளைக் கோணல் இல்லாமல் இணைக்கவும் வருகிறது. ஆனாலும் வெற்றுத்துணியை வளையத்தில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் கை ஓடாது. என்னிடம் தையல் பழக வரும் பெண்கள் எல்லாரும் என்றாவது ஒரு நாள் கேட்டுவிடுவார்கள்: “எங்கிட்டு இருந்துக்கா டிசைன் பிடிக்கிறீங்க?” கேட்டுக்கொண்டே கைப்பேசியில் சேர்த்துவைத்த படங்களைக் காட்டுவார்கள். மயில், மாங்காய், ரோஜாக் கொத்து, யானை வரிசை. அதில் ஒன்றைக் கார்பன் தாள் வைத்துத் துணியில் பதித்துத் தைத்தால் நன்றாகவே வரும். அடுத்த துணிக்கு மறுபடியும் ஒரு படம் தேட வேண்டும், அவ்வளவுதான்.

நான் படம் தேடுவதை விட்டு வெகுகாலம் ஆகிறது. ஒரு வேலைப்பாடு மனதைப் பிடித்தால், அதைச் செய்த கை எந்த ஒழுங்கில் நகர்ந்தது என்றுதான் முதலில் பார்ப்பேன். எங்கே தொடங்கினாள், எதை எண்ணினாள், கையில் எது இல்லாமல் சமாளித்தாள், யார் எவ்வளவு தூரத்திலிருந்து பார்ப்பார்கள் என்று நினைத்தாள்? இந்தக் கேள்விகளில் ஏதாவது ஒன்றுக்குப் பதில் தெரிந்தால் ஒரு விதி கிடைத்துவிடும். அந்த விதியை என் துணிக்கும் என் நூலுக்கும் பொருத்தினால் வருகிற வடிவம் அந்த மூலத்தின் சாயலில் இருக்காது. தைத்து முடிக்கும்வரை அது எப்படி வரும் என்று எனக்கே தெரியாது. என்னை மறுபடி மறுபடி ஊசியை எடுக்க வைப்பது அதுதான்.

நீலகிரியில் தோடர் பெண்கள் செய்யும் பூவேலையிலிருந்து தொடங்குகிறேன். அவர்கள் போர்த்திக்கொள்ளும் பூத்துக்குளி, வெள்ளை நிறத்தில் சற்று முரடான பருத்தித் துணி. அதில் சிவப்பும் கறுப்புமாக நூல்வேலை. பார்த்தவுடன் தறியிலேயே நெய்த கரை என்று நினைக்கத் தோன்றும். ஊசியால் செய்தது என்று நம்ப நேரமாகும். துணியில் எதையும் வரைந்துகொள்வதில்லை. சட்டமோ வளையமோ மாட்டுவதில்லை. துணியின் இழைகளை எண்ணி, இத்தனை இழைக்கு மேலே, இத்தனை இழைக்குக் கீழே என்று ஊசியை ஓட்டிக்கொண்டே போகிறார்கள். எண்ணிக்கை மாற மாற வடிவம் மாறுகிறது. இந்த வேலைப்பாடு 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. இறந்தவரைப் போர்த்தவும் பூவேலை செய்த அந்தத் துணி வேண்டும் என்பதால், அதிலுள்ள உருவங்களுக்கு அவர்கள் வாழ்வில் ஓர் இடம் இருக்கிறது. அவற்றைத் தலையணை உறையில் கொண்டுவந்து ஒட்ட எனக்கு விருப்பமில்லை. நான் எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்று: வரையாதே, எண்ணு.

வரைந்த கோட்டின்மேல் தைக்கும்போது ஊசி எங்கும் போகலாம். எண்ணித் தைக்கும்போது இழை விட்ட வழியில்தான் போக முடியும். சாய்கோடு படிக்கட்டாக மாறும், வளைகோடு வரவே வராது. பள்ளிக்கூடத்தில் மேட்டி துணியில் பெருக்கல் தையல் போட்டவர்களுக்கு இது புரியும். ஆனால் மேட்டி துணியில் கட்டங்கள் ஏற்கெனவே சதுரமாக இருக்கும். நான் சொல்வது கைத்தறிக் காடா துணியை. அதில் பாவும் ஊடையும் ஒரே நெருக்கத்தில் இருக்காது. பத்து இழைக்குப் பத்து இழை எண்ணித் தைத்தாலும் சதுரம் வராது. சற்றே நீண்ட செவ்வகம்தான் வரும். அதைத் திருத்த வேண்டியதில்லை. அந்தத் தறி, அந்தத் துணிக்குக் கொடுத்த அளவு அது. அதே எண்ணிக்கையை வேறொரு துணியில் தைத்தால் வேறு உடல்வாகு வரும்.

இதே எண்ணும் வேலை ஜப்பானின் வடபகுதியிலும் இருக்கிறது. எடோ ஆட்சிக் காலத்தில் சுகாரு பகுதி விவசாயிகள் பருத்தி ஆடை அணியத் தடை இருந்தது. சணல் வகை இழையில் நெய்த, அவுரிச் சாயம் தோய்த்த நெகிழ்ந்த துணிதான் அவர்களுக்கு. அங்கே பனி கொட்டும். துணியின் இடைவெளிகளை அடைக்க வெள்ளைப் பருத்தி நூலை ஊடை இழைகளின் போக்கில் நெருக்கி நெருக்கித் தைத்தார்கள். அதன் பெயர் கொகின். அவர்கள் எண்ணியது ஒற்றைப்படையில்: ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு. பக்கத்து நம்பு பகுதியில் ஹிஷிசாஷி என்ற தையலில் இரட்டைப்படையில் எண்ணினார்கள். இரண்டிலும் சாய்சதுரங்கள்தான். ஆனால் ஒற்றைப்படையில் எண்ணியவை உயரவாக்கில் நீண்டும், இரட்டைப்படையில் எண்ணியவை அகலவாக்கில் படர்ந்தும் நிற்கும். பூனைக்கண், அவரை விதை, பூ என்றெல்லாம் அந்தச் சிறு வடிவங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். குளிருக்கு அடைப்புப் போட்ட வேலையில் இத்தனை பெயர்கள் பிறந்திருப்பதை நினைத்தால், அழகு வேண்டும் என்று தனியாக உட்கார்ந்து யோசிக்கத் தேவையில்லை என்று எனக்குத் தைரியம் வருகிறது.

எனக்குத் தெரிந்த எண்ணிக்கை தாளம்தான். அதனால் மிஸ்ர சாபுவை எடுத்தேன்: மூன்றும் நான்கும் சேர்ந்து ஏழு. மூன்று இழைக்கு மேலே, நான்கு இழைக்குக் கீழே என்று வரிசை முழுவதும் ஓட்டத் தையல். அடுத்த வரிசையை ஓர் இழை தள்ளித் தொடங்க வேண்டும். இப்படியே போனால் துணியில் சாய்ந்த பட்டைகள் எழும். ஏழு வரிசை முடிந்ததும் தள்ளும் திசையைத் திருப்பினால் பட்டை மடங்கி அலையாகிவிடும். மூன்றும் நான்குமாக இருப்பதால் நூல் தெரியும் இடமும் துணி தெரியும் இடமும் சமமாக இல்லை. அந்தச் சிறிய குறைதான் அலைக்கு ஓட்டம் கொடுக்கிறது. நான்குக்கு நான்கு என்று தைத்துப் பாருங்கள், அலை வரும். ஆனால் மந்தமாக நிற்கும்.

எண்ணிக்கை ஒரு வகை விதி என்றால், வேலையின் வரிசை இன்னொரு வகை. வட கன்னட மாவட்டத்தில் ஹலியாள், எல்லாப்பூர், முண்டகோடு காடுகளை ஒட்டி வாழும் சித்திகள், ஆப்பிரிக்காவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் தைக்கும் ஒட்டுப்போர்வைக்குக் கவந்தி என்று பெயர். அமெரிக்க ஆய்வாளர் ஹென்றி ஜான் ட்ரூவல் இவர்களோடு இருந்து இந்தப் போர்வைகளைப் பற்றி எழுதியிருக்கிறார். கவந்தி தைக்கிறவள் ஒரு பழைய சேலையை அடியில் விரித்து, ஒரு மூலையில் தொடங்குகிறாள். ஒட்டுத்துணியின் விளிம்பை மடித்து, அடித்துணியோடு சேர்த்து ஓட்டத் தையல் போட்டுக்கொண்டே ஓரமாகச் சுற்றி வருகிறாள். ஒரு சுற்று முடிந்ததும் அதற்கு உட்புறம் அடுத்த சுற்று. கடைசியில் வேலை நடுவில் போய் முடிகிறது. நான்கு மூலைகளிலும் சிறு முக்கோணத் துணிகளை மடித்து வைத்துத் தைப்பார்கள், அது பூ. பூ வைக்காத கவந்தி அவர்களுக்கு ஆடை உடுத்தாத உடம்புக்குச் சமம்.

வங்காளத்தின் காந்தா இதற்கு நேர்மாறு. அங்கேயும் பழைய சேலை, வேட்டிதான் அடுக்கு. நூலைக்கூடப் பழைய சேலைக் கரையிலிருந்து உருவி எடுத்துக்கொள்வார்கள். ஆனால் பெரும்பாலான பழைய காந்தாக்களில் நடுவில் ஒரு தாமரை இருக்கும். நான்கு மூலையிலிருந்து செடியோ மாங்காயோ அதை நோக்கி எழும். இடைவெளியில் மீன், யானை, பல்லக்கு, சீப்பு என்று வீட்டில் கண்டதெல்லாம் வந்து சேரும். பிறகு மிச்சப் பரப்பு முழுவதையும் வெள்ளை நூலால் சின்னச் சின்ன ஓட்டத் தையல் நிரப்பும். அந்தத் தையல்தான் துணியில் மெல்லிய சுருக்கங்களை எழுப்பி, காற்றடித்த மணல் மாதிரி ஆக்கிவிடுகிறது.

இரண்டையும் ஒரே வகைத் துண்டுகளை வைத்துச் செய்து பாருங்கள் என்று பழக வருகிறவர்களிடம் சொல்வேன். நடுவிலிருந்து வெளியே வந்தால் முதலில் வைத்த துண்டுக்கு ராஜ மரியாதை. மற்றவையெல்லாம் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டே வரும். ஓரத்தில் போதவில்லை என்றால் கரையை அகலமாக்கி ஈடுகட்டலாம். ஓரத்திலிருந்து உள்ளே போனால் அப்படி ஒரு தலைவர் கிடையாது. ஒவ்வொரு துண்டும் பக்கத்துத் துண்டை மட்டும் பார்த்து இடம்பிடிக்கிறது. நடுவில் மிஞ்சும் ஓட்டை சதுரமாக இருக்குமா, நீளமாக இருக்குமா என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. கடைசித் துண்டை அந்த ஓட்டைக்கு ஏற்ப வெட்டும்போதுதான் போர்வையின் மையம் எது என்று தெரியவரும். இன்னொரு லாபமும் உண்டு. மேல்துணியைத் தனியாக இணைத்து, பிறகு அதற்கும் அடித்துணிக்கும் நடுவில் பஞ்சு வைத்து, பிறகு மூன்றையும் சேர்த்துத் தைப்பது மேலைநாட்டுப் போர்வைத் தையலின் வழக்கம். கவந்தி முறையில் ஒட்டுவதும் அடுக்குகளைப் பிணைப்பதும் ஒரே தையலில் முடிந்துவிடுகிறது. அளவுகோலும் வேண்டாம், தையலுக்கென்று கால் அங்குலம் விட்டுக் கணக்குப் பார்க்கவும் வேண்டாம். குழந்தைக்கு விரிப்பு தைக்கிறவர்களுக்கு இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

மூன்றாவது வகை விதியைப் பொருளே விதிக்கும். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஆறு ஒன்று வளைந்து மூன்று பக்கமும் சூழ்ந்த கீஸ் பெண்ட் என்ற ஊர் இருக்கிறது. அங்குள்ள கறுப்பினப் பெண்களின் போர்வைகள் 2002இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகச் சுவரில் தொங்கின. 2006இல் அஞ்சல்தலைகளாகவும் வந்தன. குடிமை உரிமைப் போராட்டக் காலத்தில், 1966இல், அந்த வட்டாரப் பெண்கள் ஃப்ரீடம் குவில்ட்டிங் பீ என்ற கூட்டுறவைத் தொடங்கினார்கள். 1972இல் சியர்ஸ் நிறுவனத்துக்காகக் கார்டுராய் துணியில் தலையணை உறை தைக்கும் வேலை கிடைத்தது. வெட்டி மிஞ்சிய கார்டுராய் துண்டுகள் வீடுகளுக்குப் போயின. அந்தத் துணி தடித்தது, வரிவரியாக மேடு கட்டியது. சின்னச் சின்ன முக்கோணங்களாக வெட்டி இணைத்தால் தையல்கள் குவிந்து ஊசியே இறங்காது. அதனால் அகலமான பட்டைகள், பெரிய கட்டங்கள், எதிரெதிர் நிறங்கள். பார்த்தவர்கள் நவீன ஓவியத்தோடு ஒப்பிட்ட அந்தத் துணிச்சலான வடிவங்களில் ஒரு பங்கு துணியின் தடிமனுக்குச் சேர வேண்டியது. நிறங்களும் அந்த உறைகளுக்காக வந்தவைதான்: பொன்மஞ்சள், இலைப்பச்சை, ஆரஞ்சு, செர்ரிச் சிவப்பு.

அதே ஊரின் மிசௌரி பெட்வே 1942இல், கணவர் இறந்த பிறகு அவருடைய வேலைத்துணிகளைப் பிரித்துத் தைத்த போர்வை ஒன்று உண்டு. கால்சட்டைத் துணியில் வெயிலும் சலவையும் பட்ட இடம் வெளுத்தும், மறைந்திருந்த இடம் அடர்ந்தும் இருக்கும். அந்த வேறுபாட்டை மறைக்காமல் பட்டைகளாக வைத்திருக்கிறார். நிறத்தைக் கடையில் தேர்ந்தெடுக்கவில்லை. ஒருவர் வயலில் குனிந்து நிமிர்ந்த விதமே நிறம் தீட்டிக் கொடுத்திருக்கிறது.

இதைப் படித்த பிறகு நம் ஊர்த் துண்டுகளை வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கினேன். ரவிக்கை தைக்கும் கடைகளில் மிஞ்சுவது எப்படிப்பட்ட துணி? கழுத்துக்காக வெட்டி எடுத்த துண்டுகள். ரவுண்டு கழுத்து என்றால் அரைவட்டம், பானைக் கழுத்து என்றால் குடம், சதுரக் கழுத்து என்றால் கட்டம். கைக்குழி வெட்டியதில் பிறை வடிவம். பழைய பழக்கத்தில் இவற்றையெல்லாம் சதுரமாக நறுக்கித்தான் ஒட்டுவேலைக்கு எடுப்போம். பாதி குப்பைக்குப் போகும். வெட்டாதே, வந்த வடிவத்திலேயே வை என்று எனக்கு நானே விதி போட்டேன். குடங்களும் பிறைகளும் ஒரு போர்வை முழுக்க வரிசைகட்டி நின்றன. எங்கள் தெருப் பெண்கள் போட்டுப்பார்த்த கழுத்து மாதிரிகள் அத்தனையும் அதில் இருக்கின்றன. துண்டு வாங்கப் போனால் கடைக்காரர் சிரிப்பார்: “எதுக்குக்கா இந்தக் குப்பையெல்லாம்? நல்ல பிட்டா வேணா எடுத்துத் தரவா?” நல்ல பிட்டு எனக்கு எதையும் சொல்லித்தராது.

துணிக்குத் துணி விதி மாறும். திருப்பூர்ப் பனியன் துண்டுகளை மேற்சொன்னபடி தைக்க முடியாது. பின்னல் துணி இழுபடும், வெட்டிய விளிம்பு சுருண்டுகொள்ளும். மடித்துத் தைக்கப் போனால் அலைஅலையாக உப்பும். ஆனால் அதன் விளிம்பு பிரிந்து நூல் உதிராது. எனவே மடிக்காமல் அப்படியே வைத்து நடுவில் ஒரு தையல் ஓட்டிவிட்டால் போதும். விளிம்பு சுருண்டு இதழாகிவிடும். பருத்திச் சேலையில் குறையாக இருப்பது இங்கே அலங்காரமாகிறது. வெட்டுவதற்கு முன் துண்டைக் கையில் பிடித்து நெடுக்கே, குறுக்கே, கிராஸாக இழுத்துப் பார்த்துவிட வேண்டும். அந்த மூன்று இழுப்பிலேயே துணி பாதி வடிவமைப்பைச் சொல்லிவிடும்.

நான்காவதாகத் தூரம். தஞ்சை, கும்பகோணம் பக்கத்து ஒட்டுத்துணி வேலையைக் கோயில் திருவிழாக்களில் எல்லாரும் பார்த்திருப்போம். தேரில் தொங்கும் உருளை வடிவத் தொம்பைகள், வாசலுக்கு மேல் தோரணங்கள், மேலே விதானம். சிவப்பு, மஞ்சள், பச்சை, வெள்ளை, கறுப்பு. இடைப்பட்ட நிறங்களுக்கு அங்கே வேலையில்லை. கிட்டே போய்ப் பார்த்தால் தையல் நுணுக்கம் பெரிதாக இருக்காது. யாளி, தாமரை, பறவை எல்லாம் தட்டையான பெரிய வெட்டுகள்தான், ஓரத்தில் ஒரு வெள்ளைக் கயிறோ வேற்றுநிறப் பட்டையோ. அதைக் கிட்டே வைத்து மதிப்பிடுவதே தவறு. திருவாரூர் ஆழித்தேர் அலங்கரித்து நின்றால் 96 அடி என்பார்கள். அந்த உயரத்தில், காற்றில் சுழலும் துணியை, கீழே கூட்டத்தில் நெருக்குண்டு அண்ணாந்து பார்க்கிறவர் கண்ணுக்காகச் செய்த வேலை அது. தொம்பை சுழலும் என்பதால் அதற்கு முன்பக்கம், பின்பக்கம் கிடையாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு முழு உருவமாவது தெரிய வேண்டும்.

எங்கள் மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே, திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபத்தில் நெடுங்காலம் தையற்காரர்கள் இருந்தார்கள். இப்போது கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. சித்திரைத் திருவிழாவில் அழகருக்காக வேடம் கட்டுகிறவர்களின் சல்லடமும் கச்சையும் அவர்கள் கையில் உருவானவை. கறுப்பில் சிவப்பு, சிவப்பில் மஞ்சள், விளிம்பில் சரிகைப் பட்டை. ஆற்று மணலில் வெயிலில் துள்ளி ஆடும் உடம்பில் தெரிய வேண்டிய துணிக்கு இதைவிட மென்மையான நிறம் வைத்தால் காணாமல் போய்விடும். அவர்களிடமிருந்து கற்ற பழக்கம் என்னிடம் இன்றும் இருக்கிறது. வேலை பாதியில் இருக்கும்போது துணியைக் கொடியில் போட்டுவிட்டுத் தெருவின் மறுபக்கம் போய் நின்று பார்ப்பேன். மடியில் வைத்துப் பார்க்கும்போது தனித்தனியாகத் தெரிந்த இளநீலமும் சாம்பலும் அங்கிருந்து ஒன்றாகிவிடும். சுவரில் தொங்கப்போகிற துணி என்றால் அவற்றில் ஒன்றை மாற்றுவேன். மடியில் போட்டுக்கொள்ளும் சால்வை என்றால் அப்படியே விடுவேன். கண்ணுக்கு அருகில் இருப்பதற்கு அந்த இரகசியம் நல்லதுதான்.

இனி, நான் இப்போது ஈடுபட்டிருக்கிற வேலைக்கு வருகிறேன். மதுரைச் சுங்குடி சேலையில் சௌராஷ்டிரப் பெண்கள் துணியைக் கிள்ளி நூலால் முடிச்சிட்டு, சாயத்தில் தோய்த்து, பிறகு முடிச்சை அவிழ்ப்பார்கள். முடிச்சு இருந்த இடம் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். இன்று கடைகளில் சுங்குடி என்று விற்பவற்றில் மெழுகு அச்சில் போட்டவையே அதிகம். கைமுடிச்சுச் சேலையில் புள்ளி ஒவ்வொன்றும் சற்றே கோணலான வளையம். வரிசையும் கோடு போட்டமாதிரி இருக்காது. நைந்துபோன ஒரு கைமுடிச்சுச் சேலையைப் போர்வைக்கு மேல்துணியாக்கும்போது, இத்தனை புள்ளிகளைத் துணியிலேயே வைத்துக்கொண்டு தையலுக்கு வேறு கோடு எதற்கு என்று தோன்றியது. புள்ளி இருந்தால் நம் வீட்டில் என்ன செய்வோம்? கோலம் போடுவோம்.

புள்ளியைச் சுற்றி வளையும் சிக்குக் கோலம்தான் இதற்குப் பொருத்தம். அதற்கு விதிகள் இருக்கின்றன என்பது அதைப் போடும் எல்லாருக்கும் தெரியும். அந்த விதிகளைக் கணினிக்குப் புரியும் இலக்கணமாக எழுத முடியும் என்று சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் 1970களிலேயே ஆய்வுக்கட்டுரை எழுதினார்கள். எனக்கு வேண்டியது அதில் ஒரு சின்னக் கணக்கு. நேர்ப்புள்ளி வைத்து, அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவிலும் கோடுகள் குறுக்காக வெட்டிக்கொள்ளும்படி கோலம் போட்டால், மொத்தம் எத்தனை கோடுகள் என்பதைப் புள்ளி எண்ணிக்கையே சொல்லிவிடும். வரிசையின் எண்ணையும் வரிசைக்குள் இருக்கும் புள்ளியின் எண்ணையும் மீதமின்றி வகுக்கும் மிகப்பெரிய எண் எதுவோ அத்தனை கோடுகள். 4 வரிசையில் 5 புள்ளிகள் என்றால் ஒரே கோடு, முழுக்கச் சுற்றி வந்து தொடங்கிய இடத்தில் சேரும். 4 வரிசையில் 6 என்றால் இரண்டு கோடுகள். 4க்கு 4 என்றால் நான்கு.

தைப்பவளுக்கு இது எவ்வளவு பெரிய உதவி பாருங்கள். கோட்டின் எண்ணிக்கைதான் நூல் நிறத்தின் எண்ணிக்கை. 4க்கு 5 கட்டத்துக்கு ஒரே வெள்ளை நூல். 4க்கு 6 கட்டத்துக்கு மஞ்சளும் வெள்ளையும். இரண்டும் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு ஓடும். எத்தனை நிறம் வைக்கலாம், எங்கே வைக்கலாம் என்று மண்டையை உடைக்க வேண்டியதில்லை. கட்டத்தை மாற்றினால் நிறக்கணக்கு மாறும்.

அடுத்த வியப்பு, கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில். ஓட்டத் தையலில் நூல் ஒருமுறை துணிக்கு மேலே, ஒருமுறை கீழே. கோடு ஒரு சந்திப்பைக் கடக்கும்போது நூல் மேலே இருக்கட்டும், அடுத்த சந்திப்பில் கீழே இருக்கட்டும் என்று மாற்றி மாற்றிப் போனால், ஒரே கோட்டுக் கோலத்தில் அது எங்கேயும் முரண்படுவதில்லை. ஒரு சந்திப்பை மேலே கடந்து போன நூல், எத்தனை வளைவு சுற்றிவிட்டு வந்தாலும், அதே சந்திப்புக்கு இரண்டாம் முறை வரும்போது அதன் முறை கீழேயாகத்தான் இருக்கும். காரணம், நடுவில் அது கடக்கும் சந்திப்புகள் எப்போதும் இரட்டைப்படை. எனவே மேற்பக்கத்தில் ஒரு கோடு தெரியும் இடத்தில், பின்பக்கத்தில் அதை வெட்டும் கோடு தெரியும். துணியைத் திருப்பினால் இன்னொரு முழுக் கோலம். 4க்கு 5 கட்டத்தில் 31 சந்திப்புகள்; அத்தனையும் அப்படியே பொருந்தி வருவதைப் பார்க்கும்போது ஓட்டத் தையலும் சிக்குக் கோலமும் ஒன்றுக்கொன்று உறவுமுறை என்று சொல்லிவிடலாம்.

செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள். புள்ளிகள் நெருக்கமாக உள்ள சேலையை எடுங்கள். இடைவெளி அதிகமானால் தையல் நீண்டு, விரலிலும் கொலுசிலும் மாட்டும். ஓரத்து வளைவுகள் நீளமானவை. அங்கே கூடுதல் தையல் போட வேண்டிவந்தால் இரட்டையாகவே போடுங்கள், கீழே ஒன்று, மேலே ஒன்று. இல்லாவிட்டால் அடுத்த சந்திப்பில் முறை குழம்பும். இரண்டு நிறக் கோலத்தில் முதல் நூலை முழுவதும் முடித்துவிட்டு, அது எங்கே கீழே போயிருக்கிறது என்று பார்த்து, இரண்டாவது நூலை அங்கே மேலே வரும்படி தொடங்குங்கள். நூலைத் தேன்மெழுகில் ஒருமுறை இழுத்துக்கொண்டால் முறுக்கிக்கொள்ளாது. ஒரு சுற்றுக்கு நூல் போதாது என்று தெரிந்தால், முடிச்சை அடுக்குகளுக்கு நடுவில் புதைத்துவிட்டு மேலே தொடரலாம். சுங்குடியின் சிவப்புச் சாயம் இறங்கும். வெள்ளை நூலைத் தொடுவதற்கு முன் சேலையை உப்பு நீரில் ஊறவைத்து, அலசிய நீர் தெளியும்வரை அலசிவிடுங்கள். இஸ்திரி வேண்டாம். முடிச்சுப் போட்டதில் துணி எழும்பி நிற்கும் சிறு மேடுகள் தட்டையாகிவிட்டால் புள்ளியைத் தொட்டு உணர முடியாது.

கைமுடிச்சுப் புள்ளிகள் கோணலாக இருப்பதால் கோலமும் கோணலாகவே வருகிறது. விதியில் தவறில்லை, முடிச்சுப் போட்ட பெண்ணின் விரலுக்கு ஏற்ப அது வளைந்துகொடுக்கிறது. அச்சுச் சுங்குடியிலும் தைத்துப் பார்த்தேன். கோலம் துல்லியமாக வந்தது, பார்க்க அச்சடித்ததாகவே இருந்தது. விதி எவ்வளவு கறாராக இருக்கிறதோ அவ்வளவுக்குத் துணி தன்னிச்சையாக இருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். மிஸ்ர சாபு கைத்தறிக் காடாவில் உயிர்பெறுவதற்கும் இதே காரணம்தான். இரண்டுமே கறாராக இருந்தால் இயந்திரம் செய்துவிடும். இரண்டுமே தன்னிச்சையாக இருந்தால் கண்ணுக்குப் பிடி கிடைக்காது.

அதனால் என் குறிப்பேட்டில் படங்கள் ஒட்டுவதில்லை. ஒரு பக்கத்துக்கு ஒரு வாக்கியம்: ‘ஓரத்தில் தொடங்கு.’ ‘வந்த வடிவத்தை வெட்டாதே.’ ‘ஒற்றைப்படையில் மட்டும் எண்ணு.’ ‘தெருவுக்கு எதிர்ப்பக்கம் இருந்து தெரியட்டும்.’ ‘எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரு உருவம் முழுதாக இருக்கட்டும்.’ துணியைக் கையில் எடுத்ததும் அந்தப் பக்கங்களைப் புரட்டுவேன். இரண்டு விதிகளைச் சேர்த்தும் பார்ப்பதுண்டு. மூன்றைச் சேர்த்தால் கை கட்டுண்டுபோகிறது. எது யாரிடமிருந்து வந்தது என்பதையும் வாக்கியத்துக்குக் கீழே எழுதிவைப்பேன். சித்திப் பெண்களிடமிருந்து, தோடர் பெண்களிடமிருந்து என்று பழக வருகிறவர்களுக்கும் பெயர் சொல்லியே கொடுப்பேன். அந்தப் பெண்கள் அதை விளையாட்டாகக் கண்டுபிடிக்கவில்லை, குளிருக்கும் இல்லாமைக்கும் துக்கத்துக்கும் இடையே கண்டுபிடித்தார்கள்.

விதியோடு தைப்பதில் எனக்குப் பிடித்த இன்னொரு வசதி உண்டு. படம் பார்த்துப் பூவேலை செய்கிறவர்களுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாது. இன்னொரு இலை வைக்கலாமா, மூலையில் ஒரு மொட்டு சேர்க்கலாமா என்று கை துறுதுறுக்கும். பாதி நேரம் அந்தக் கடைசி மொட்டுதான் துணியைக் கெடுக்கும். விதிக்கு அதன் முடிவும் தெரியும். கவந்தி, நடுவில் ஓட்டை அடைபட்டு நான்கு மூலையிலும் பூ ஏறியதும் முடிந்துவிடுகிறது. ஏழு வரிசை அலை, திரும்பி வந்த திருப்பத்தில் முடிகிறது. சிக்குக் கோலத்தில் நூல் தன் முதல் தையலைத் தொட்டதும் அதற்கு மேல் ஊசி குத்த இடமே கிடையாது. முடிச்சைப் போட்டு நூலை வெட்ட வேண்டியதுதான். வெட்டிவிட்டு, குறிப்பேட்டில் அடுத்த பக்கம்.